மார்கழிக் குளிரும் மடியிலிருக்கும் பச்சைப்பிள்ளையும்



ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்துவிட்டால் நம் தோட்டங்களில் லயத்துக்கு லயம் இருமல் சத்தம்தான். பெரியவர்களுக்குத் தடிமன் பிடித்தால் கொத்தமல்லித் தண்ணியைக் குடித்துவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மறுநாள் மலைக்குப் போய்விடுகிறோம். நாலு நாளில் சரியாகிவிடுகிறது. ஆனால் பிறந்து ஒரு மாதம் கூட ஆகாத பச்சைப்பிள்ளைக்கு அதே தடிமன் பிடித்தால் கதை வேறு. அது எப்படி வேறு என்பதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நெடுங்கேணியில் எங்கள் தங்கச்சி வீட்டில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டோம். ஆகவே இம்முறை பாடத்தை அங்கிருந்தே தொடங்குகிறோம்.

நெடுங்கேணி எங்கே, நம் தோட்டம் எங்கே என்று சிலர் கேட்கலாம். வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன நம் சனம் கொஞ்சமல்ல. நெடுங்கேணிப் பக்கம் டொலர் பாம், கென்ட் பாம் என்ற பண்ணைகளில் காடு வெட்டிக் குடியிருந்தார்கள். 1984 இல் அந்த இடத்தையும் விட்டு ஓட வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ இடப்பெயர்வு. இருந்தாலும் அந்த மண்ணிலேயே வேர் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு குடும்பத்தில்தான் எங்கள் கடைசித் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தோம்.

தலைப்பிள்ளை. வழக்கப்படி தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும் என்று எங்கள் அம்மா ஒற்றைக்காலில் நின்றார். எட்டு மாத வயிற்றோடு பஸ்ஸில் அவ்வளவு தூரம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். கடைசியில் அம்மாதான் மூட்டையைக் கட்டிக்கொண்டு நெடுங்கேணிக்குப் போனார். மார்கழி தொடக்கத்தில் ஆண் பிள்ளை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. குறை ஒன்றுமில்லை.

பிள்ளைக்குப் பதினாறு நாள் ஆனபோது நாங்கள் பார்க்கப் போனோம். இரவு பஸ். ஹட்டனிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து வவுனியா, பிறகு புளியங்குளம் சந்தியால் திரும்பி நெடுங்கேணி. பஸ்ஸில் கண்ணாடிகளை எல்லாம் இழுத்து மூடி ஆளோடு ஆள் நெருங்கித்தான் போனோம். இறங்கும்போதே தொண்டை கரகரத்தது. "பிரயாணக் களைப்பு" என்று நினைத்தோம். போன கையோடு பிள்ளையைத் தூக்கி, முகத்தோடு முகம் வைத்து முத்தமும் கொடுத்தோம். ஊருக்கெல்லாம் சுகாதாரப் பாடம் சொல்லித் திரிகிற நாங்களே அன்றைக்குக் கை கழுவவில்லை. இதை வெட்கப்பட்டுக்கொண்டுதான் எழுதுகிறோம்.

மூன்றாம் நாள் பிள்ளைக்கு மூக்கடைப்பு. ஐந்தாம் நாள் பால் குடிக்க வாயை வைக்கும், இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு விட்டுவிடும். அழுகையும் குறைந்துவிட்டது. "நல்லாத் தூங்குது, தொந்தரவு இல்லாத புள்ளை" என்று அம்மா சொன்னார். தங்கச்சிக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. "அம்மா, கால் ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள். "காய்ச்சல் இல்லையே, உடம்பு குளிர்ந்துதானே கிடக்கு, பயப்படாத" என்று நாங்களும் சேர்ந்து சொன்னோம். கண்ணூறு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டாயிற்று. நெஞ்சில் சூட்டெண்ணெய் தேய்த்தாயிற்று.

அன்று பகல் நல்ல மழை. அந்த மழையிலும் மருத்துவிச்சி அம்மா மோட்டார் சைக்கிளில் வழக்கமான பார்வைக்கு வந்தார். பிள்ளையின் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். மறுபடியும் ஒரு நிமிடம். "அறுபத்தெட்டு. நெஞ்சு உள்ளே இழுக்குது. இப்பவே வெளிக்கிடுங்கோ" என்றார். நெடுங்கேணி ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்து அம்புலன்சில் வவுனியாவுக்கு அனுப்பினார்கள். எட்டு நாள் வார்ட்டில். அந்த எட்டு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. பிள்ளை பிழைத்தது, இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மருத்துவிச்சி வராமல் இன்னும் ஒரு இரவு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சரி, இனிப் பாடத்துக்கு வருவோம்.

குளிர் வேறு, கிருமி வேறு

குளிர் காற்று பட்டதால்தான் தடிமன் வந்தது என்று நாம் பேசிக்கொள்கிறோம். தடிமனும் சளிக்காய்ச்சலும் வைரசு என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமியால் வருபவை. குளிர், மழைக் காலத்தில் எல்லோரும் கதவை அடைத்து ஒரே காம்பராவுக்குள் முடங்குகிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர் படுத்தால் ஒருவர் இருமியது மற்ற ஐந்து பேரின் மூக்குக்குப் போகாமல் எங்கே போகும்? இலங்கையில் இன்புளுவென்சா காய்ச்சல் வருடத்தில் இரண்டு தடவை தலைதூக்கும். ஒன்று ஏப்ரல் முதல் ஜூன் வரை, மற்றது நவம்பர் முதல் ஜனவரி வரை.

பெரியவருக்கு வெறும் தடிமனாகப் போகும் கிருமி, பச்சைப்பிள்ளையின் நெஞ்சுக்குள் இறங்கினால் மூச்சுக் குழாய்களை அடைத்துவிடும். அந்தக் குழாய்கள் அவ்வளவு சிறியவை. ஒரு துளி சளி போதும். அத்தோடு பச்சைப்பிள்ளைக்கு வாயால் மூச்சு விடவும் இன்னும் சரியாகப் பழகியிருக்காது. மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது. பால் குடிக்காத பிள்ளை சோர்ந்துவிடும், சூடும் குறைந்துவிடும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக வருகிறது.

குளிரால் வருவது இன்னொரு கெடுதி. பச்சைப்பிள்ளையின் உடம்பில் கொழுப்பு குறைவு, எடைக்குத் தோல் பரப்பு அதிகம், தலையோ பெரியது. நம்மைப் போல் நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்குத் தெரியாது. ஆகவே ஈரத் துணியோடு கொஞ்ச நேரம் கிடந்தாலே சூடு இறங்கிவிடும். நுவரெலியாப் பக்கம் தை மாதத்தில் உறைபனி விழுகிற இடத்தில் இது எல்லோருக்கும் தெரியும். வன்னியில் ஏமாந்துவிடுகிறோம். "இது வெயில் நாடு, இங்கே என்ன குளிர்" என்று எங்கள் மச்சான் கேட்டார். மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயும்போது, தகரக் கூரை வீட்டில் வாடைக் காற்று அடித்தால் பச்சைப்பிள்ளைக்கு அந்தக் குளிரே போதும்.

தொட்டுப் பார்க்கும் பாடம்

தேர்மோமீட்டர் இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். உங்கள் புறங்கையால் பிள்ளையின் வயிற்றைத் தொடுங்கள், பிறகு உள்ளங்காலைத் தொடுங்கள். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் நல்லது. வயிறு சூடு, கால் குளிர் என்றால் பிள்ளைக்குக் குளிர்கிறது. உடனே நெஞ்சோடு அணைத்துச் சூடாக்க வேண்டும். வயிறும் குளிர், காலும் குளிர் என்றால் அது ஆபத்து. எங்கள் தங்கச்சி சொன்னது அதுதான், நாங்கள்தான் கேட்கவில்லை. பெரியவர்களுக்கு வருத்தம் வந்தால் காய்ச்சும். பச்சைப்பிள்ளைக்குக் கடும் வருத்தம் வந்தால் காய்ச்சாமல் குளிர்ந்தும் போகலாம். "காய்ச்சல் இல்லை" என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

உடுப்பு விசயத்தில் ஒரு கணக்கு உண்டு. நமக்கு எத்தனை உடுப்பு தேவைப்படுகிறதோ அதைவிட ஒன்று கூட. தலைக்குக் குல்லா, காலுக்குச் சொக்ஸ். அவ்வளவுதான். நாலு கம்பளியைப் போட்டு மூட்டை கட்டி மூச்சு முட்ட வைப்பதும் தவறு. பிள்ளை வியர்த்தால் அந்த ஈரமே பிறகு குளிராக மாறும். முகத்தை மூடிப் போர்த்தக் கூடாது. தலைக்குப் பக்கத்தில் தலையணை, தளர்ந்த துணி வைக்கக் கூடாது. மல்லாக்காகப் படுக்க வையுங்கள். ஈரத் துணியை இரவென்று பார்க்காமல் மாற்றுங்கள். மழைக்காலத்தில் துணி காயாது என்பது உண்மைதான். பாட்டிமாரின் பழைய நூல் சேலைகளைக் கிழித்துத் துவைத்து முன்கூட்டியே நிறையச் சேர்த்து வைப்பதே வழி.

எல்லாவற்றையும் விட நல்ல கம்பளி தாயின் நெஞ்சுதான். 1978 இல் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் சூட்டுப் பெட்டி போதவில்லை. அங்கிருந்த டொக்டர் எட்கார் ரே என்பவர், பிள்ளைகளைத் தாய்மாரின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டிவிடும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமக்கிறதல்லவா, அதனால் கங்காரு முறை என்று பெயர் வந்தது. வசதி இல்லாத இடத்தில் பிறந்த இந்த முறையை இன்று உலகமெங்கும் செய்கிறார்கள். குறைமாதப் பிள்ளைகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022 இல் அறிவுறுத்தியது. பிள்ளைக்கு ஒரு குல்லாவும் இடுப்புத் துணியும் மட்டும் போட்டு, தாயின் தோலோடு தோல் படும்படி வைத்து, மேலே சேலையால் சுற்றிக் கம்பளியால் போர்த்த வேண்டும். தாய் களைத்தால் தகப்பன் செய்யலாம். தகப்பன்மார்கள் வெட்கப்பட வேண்டாம்.

தாய்ப்பாலும் மற்றதும்

முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும். தண்ணியும் வேண்டாம். சீனித் தண்ணி, தேன், வசம்பு, கோரோசனை ஒன்றும் வேண்டாம். தேன் நல்லதுதானே என்று கேட்பீர்கள். பெரியவர்களுக்கு நல்லது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி உடம்பைத் தளர்த்தி மூச்சையே நிறுத்திவிடக் கூடும். நாக்கில் தொட்டு வைப்பதும் வேண்டாம்.

தாய்க்கே தடிமன் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பலரும் செய்யும் தவறு இது. தாயின் உடம்பு அந்தக் கிருமியை எதிர்த்துப் போராட உண்டாக்குகிற சக்தி பாலோடு பிள்ளைக்குப் போகிறது. நிறுத்தினால் பிள்ளைக்குத்தான் நட்டம். சோப் போட்டுக் கை கழுவி, மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடிக்கொண்டு தொடர்ந்து கொடுங்கள். மாஸ்க் இல்லாவிட்டால் சுத்தமான கைலேஞ்சியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மூக்கடைத்துப் பால் குடிக்கச் சிரமப்பட்டால், கிளினிக்கில் கேட்டு உப்புத் தண்ணிச் சொட்டு மருந்து வாங்கி, பால் கொடுக்க முந்தி விடலாம். மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், அது நெஞ்சுக்குள் இறங்கிச் சளியை விட மோசமாகும். கர்ப்பூரம் கலந்த தைலம், பாம் வகைகளைப் பச்சைப்பிள்ளைக்குத் தேய்க்கக் கூடாது. கடையில் விற்கும் இருமல் பாணியும் கொடுக்கக் கூடாது. மூத்த பிள்ளைக்குக் கொடுத்து மிஞ்சிய மருந்தை அளந்து கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

கை, புகை, விருந்தாளி

மலையிலிருந்து வந்த கையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். கொழுந்துச் சாறு, மருந்தடித்த இலை, பஸ் கம்பி, காசு எல்லாம் பட்ட கை அது. சோப்பால் நகக்கண் வரை தேய்த்துக் கழுவி, உடுப்பை மாற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். தண்ணிப் பீலி தூரம் என்றால் வாசலில் ஒரு வாளித் தண்ணியும் சோப்பும் வையுங்கள். வருகிற எல்லோருக்கும் அதுவே ஞாபகமூட்டும்.

நம் லயத்தில் அடுப்பும் உள்ளே, பிள்ளையும் உள்ளே. வன்னியில் நுளம்புக்காக வேப்பிலைப் புகை, இங்கே குளிருக்காக விறகுப் புகை, இரண்டு இடத்திலும் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணிப் புகை. அந்தச் சிறு நெஞ்சு இவ்வளவு புகையைத் தாங்காது. நுளம்புக்கு வலை கட்டுங்கள். அடுப்பு எரியும்போது பிள்ளையை முன்பக்கம் வைத்து, பின்கதவைத் திறந்து விடுங்கள். பீடி, சிகரட் குடிக்கிறவர் வீட்டுக்குள் குடிக்கக் கூடாது. குளிப்பாட்டுவது பிறந்து ஒரு நாளாவது கழிந்த பிறகு, வெயில் ஏறிய நேரத்தில், இளஞ்சூட்டுத் தண்ணியில், சுருக்கமாக. உடனே துடைத்துத் தலைக்குக் குல்லா போடுங்கள்.

பிள்ளை பார்க்க வருகிறவர்களை என்ன செய்வது? இதுதான் கஷ்டமான கேள்வி. வராதே என்றால் கோபித்துக்கொள்வார்கள். வன்னியில் முப்பத்தொரு நாள் துடக்கு என்று வெளியாட்களை எட்ட வைக்கிறார்கள். நம் பக்கமும் தீட்டு என்று ஒரு வழக்கம் உண்டு. தாயைத் தீண்டத்தகாதவளாக மூலையில் வைப்பதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஆனால் ஊரார் கைபடாமல் பிள்ளையை ஒரு மாதம் காத்த விசயத்தில் அதில் ஒரு நன்மை இருந்தது. அந்த ஒரு மாதத்தை வைத்துக்கொள்ளுங்கள். அது முடிந்த அன்றைக்கே ஐம்பது பேரைக் கூப்பிட்டுக் கை மாற்றி மாற்றிக் கொடுத்தால் காத்ததெல்லாம் வீண். தடிமன், இருமல் உள்ளவர் சொந்தத் தாய்மாமனாக இருந்தாலும் வாசலிலிருந்து பார்த்துவிட்டுப் போகட்டும். யாரும் முகத்தில் முத்தம் கொடுக்க வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற அண்ணன், அக்கா உட்பட. சொல்லக் கூச்சமாக இருந்தால் "மருத்துவிச்சி அம்மா ஏசுவார்" என்று அவர் பேரில் பழியைப் போட்டுவிடுங்கள். அவர் கோபிக்க மாட்டார்.

தலைப்பிரசவம் முடிந்த மகளைப் பச்சைப்பிள்ளையோடு தூர இடத்திலிருந்து பஸ்ஸில் கூட்டி வருவதையும் இந்த மாதங்களில் தள்ளிப் போடுங்கள். அம்மா போய்ப் பார்த்துக்கொள்வதே மேல்.

ஊசியும் சட்டமும்

பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி போடுவார்கள். இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் குக்கல் நோய்க்கான மருந்தும் இருக்கிறது. "மழை, பிறகு போகலாம்" என்று தள்ளாதீர்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு இன்புளுவென்சா ஊசி கிடையாது. கர்ப்பிணித் தாய் போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். இது பற்றிக் கிளினிக்கில் டொக்டரிடம் கேளுங்கள்.

பிள்ளை மடுவத்தில் ஒரு பிள்ளைக்குச் சளி என்றால் மூன்றாம் நாள் பத்துப் பிள்ளைக்குச் சளி. ஆகவே பிரசவ லீவைக் குறைத்துக்கொண்டு முந்தி வேலைக்கு வராதீர்கள். 2018 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மூன்றாவது, நாலாவது பிள்ளைக்கும் முதல் பிள்ளைக்குப் போலவே 12 வார லீவு உண்டு. வேலைக்கு வந்த பிறகும், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு தடவை நேரம் விட வேண்டும். மடுவம் உள்ள இடத்தில் ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம். யாரும் தயவில் கொடுப்பதல்ல இது, உங்கள் உரிமை.

எப்போது ஓட வேண்டும்

பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும் நேரத்தில் சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். கைபேசியில் நேரம் வைத்து முழுதாக ஒரு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது சரி வராது, ஏனென்றால் பச்சைப்பிள்ளை சில வேளை வேகமாகவும் சில வேளை நிறுத்தியும் மூச்சு விடும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதல், முனகல், பால் குடிக்காமை, எழுப்பினாலும் எழும்பாத சோர்வு, வலிப்பு, உதடு நீலமாதல், உடம்பு காய்ச்சுதல், உடம்பு குளிர்ந்து போதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். ஒரு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் பனடோல் கொடுத்துப் பார்க்கும் வேலையே இல்லை, நேரே ஆஸ்பத்திரிதான்.

தோட்டத்து லொறி வரட்டும், கங்காணி ஐயா வரட்டும், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எந்தப் போனிலிருந்தும் அழைத்தால் சுவசரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 2016 இல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கிய சேவை இப்போது மலையகத்திலும் வன்னியிலும் உண்டு. பேசும்போது தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்து இலக்கம், ரோட்டில் எந்த இடத்தில் ஆள் நிற்பார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். லயம் வரை வண்டி வர முடியாவிட்டால் பிள்ளையை நெஞ்சோடு தோல் படக் கட்டி, மேலே சேலையும் கம்பளியும் போட்டு, குடை பிடித்து ரோட்டுக்குக் கொண்டு வாருங்கள். வழியில் பால் குடிக்கக் கூடியதாக இருந்தால் கொடுத்துக்கொண்டே வரலாம். கிளினிக் புத்தகத்தை மறக்காமல் கையில் எடுங்கள். எங்கள் தங்கச்சி அந்த அவசரத்திலும் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். வவுனியாவில் பிறந்த எடையும் போட்ட ஊசியும் கேட்டபோது எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை, புத்தகம்தான் பதில் சொன்னது.